கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

1976-ஆம் வருடத்துக் கோடை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைச் சரிவில் ஆஃப்டன் என்று ஒரு சின்ன ஊர். மலையேறும் பழைய சாலையின் ஓரத்தில் ஒரு வீடு. அதில் வயதான அப்பாவும், ஐம்பதைத் தாண்டிய மகள் ஜூன் கரியும். வாசலில் ஒரு சைக்கிள்காரர் மூச்சிரைக்க வந்து நிற்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. சைக்கிளின் இரண்டு பக்கமும் மூட்டை முடிச்சு. அவர் கேட்டது தண்ணீர் மட்டும்தான்.

கொடுத்தார்கள். குடித்துவிட்டு மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி கிளம்பினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். அப்புறம் கும்பலாக வந்தார்கள். அமெரிக்கா சுதந்திரம் பெற்ற 200-வது ஆண்டைக் கொண்டாட ‘பைக்சென்டெனியல்’ என்ற பெயரில் ஒரு சைக்கிள் பயணம் ஏற்பாடாகியிருந்தது. மேற்கே ஓரிகன் கடற்கரையையும் கிழக்கே வர்ஜீனியாவையும் இணைக்கும் சுமார் 6,800 கிலோமீட்டர் பாதை. அந்தக் கோடையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சைக்கிள் மிதித்தார்கள். பாதை ஜூன் கரியின் வாசல் வழியாகப் போனது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது.

வெறும் தண்ணீரோடு அனுப்ப அப்பாவுக்கும் மகளுக்கும் மனசு வரவில்லை. ஜூன் கரி அடுப்பைப் பற்றவைத்து குக்கீஸ் சுட ஆரம்பித்தார். கோடை முடிந்தது, சைக்கிள்காரர்கள் வருவது நிற்கவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு வீட்டையும் அவர்களுக்காகத் திறந்துவிட்டார். வாடகை கிடையாது. வந்தவர்களை எல்லாம் போலராய்டு கேமராவில் படம் பிடித்து வைத்தார். ஊர் திரும்பியவர்கள் தபால் அட்டை அனுப்பினார்கள். சட்டை, தொப்பி, சைக்கிள் சாமான் என்று எதையாவது விட்டுச் சென்றார்கள். சுவரில் சுண்ணாம்பு தெரியாத அளவுக்கு வீடு நிறைந்தது. 2012 ஜூலையில் 91 வயதில் அவர் இறக்கும்வரை சைக்கிள்காரர்களுக்கு அவர் பெயர் ‘குக்கீ லேடி’.

பயமுறுத்தாத வண்டி

ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு ஜூன் கரியைச் சொல்வார்கள். இப்போது கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு மிதிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளின் யூடியூப் வீடியோக்களிலும் பாதி நேரம் இதுதான் ஓடுகிறது. காசு வாங்க மறுத்த தாபாக்காரர், கட்டில் போட்டுக் கொடுத்த பெட்ரோல் பங்க் ஊழியர், லாரியை நிறுத்தி ஆரஞ்சுப் பழம் நீட்டிய டிரைவர். பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இதே சாலையில் காரில் போகிற நமக்கு ஏன் யாரும் ஆரஞ்சுப் பழம் நீட்டுவதில்லை?

விடை வண்டியில் இருக்கிறது. மூட்டை கட்டிய சைக்கிள் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அதிகம். அந்த வேகத்தில் முகம் தெரியும், வேர்வை தெரியும், பசி தெரியும். காரில் போகிறவரின் பசி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. தவிர, முப்பது கிலோ சுமையோடு மேட்டில் தள்ளாடும் ஒருவன் எதையும் திருடிக்கொண்டு ஓடிவிட முடியாது என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். கதவு திறக்க இது முக்கியக் காரணம், இரக்கம் அப்புறம்தான்.

தேவையும் கண்ணுக்குத் தெரிகிற தேவை. நாள் முழுக்கச் சுமையோடு மிதிப்பவருக்கு 4,000 கலோரிக்கு மேல் எரிந்துவிடும். இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவரே சாப்பிட வேண்டும். தண்ணீரை லிட்டர் கணக்கில் சுமக்க முடியாது. ஒரு ஸ்போக்ஸ் கம்பி உடைந்தால், ஒரு செயின் அறுந்தால் அன்றைய கணக்கு தலைகீழ். பொழுது சாய்ந்தால் எங்கே இருக்கிறோமோ அங்கேதான் படுக்கை. ஒரு நாளில் மூன்று முறையாவது யாரிடமாவது கை நீட்டியாக வேண்டும். கொடுப்பவருக்கு அது ஒரு செம்புத் தண்ணீர், நாலு ரொட்டி, ஒரு திண்ணை.

திண்ணை என்று சொல்லும்போதே நமக்குப் பிடிபட வேண்டும். சத்திரம், சாவடி, சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் நடந்து போகிறவர்களுக்காக ஏற்பட்டவை. பஸ்ஸும் காரும் வந்த பிறகு வழிப்போக்கர் என்ற ஆளே இல்லாமல் போனார். திண்ணைக்கு கிரில் கேட் வந்தது. தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிறவர்களுக்கு மட்டும் சாலையோரத்தில் இன்றும் இலை விரிகிறது. சைக்கிள்காரர் அந்தப் பழைய வழிப்போக்கரின் வாரிசு. அவரைப் பார்த்ததும் ஊருக்குத் தன் பழைய பழக்கம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

---
கடவுள் அனுப்பிய விருந்தாளி

துருக்கியில் சொல்லாமல் வரும் வழிப்போக்கருக்கு ‘தான்ரி மிசாஃபிரி’ என்று பெயர்; கடவுளின் விருந்தாளி என்று பொருள். பஷ்தூன் மக்களின் குலநெறியில் விருந்தோம்பல் ஒரு கடமை. ‘மெல்மஸ்தியா’ என்பார்கள். ஈரானில் ‘தாரோஃப்’ என்ற உபசார வழக்கம் உண்டு. கடைக்காரர் “காசெல்லாம் எதுக்கு?” என்பார். அதை நம்பி நடையைக் கட்டக் கூடாது. அவர் மறுக்க, நாம் வற்புறுத்த, இரண்டு மூன்று சுற்றுப் போன பிறகுதான் அவர் மனதில் இருப்பது தெரியும். தென் அமெரிக்காவில் சைக்கிள்காரர்கள் தீயணைப்பு நிலையத்தில் இடம் கேட்பார்கள். தாய்லாந்தில் புத்த விகாரைகளில். இந்தியாவில் குருத்வாராக்களில் லங்கர் சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கும். யார், எந்த மதம் என்ற கேள்வி கிடையாது.

---

படம் வரைந்து கொடுத்து வந்தவர்

இந்தியாவிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பியவர்கள் இன்று நேற்று வந்தவர்கள் அல்ல. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் கிளம்பினார்கள். அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா என்ற மூவர் மட்டும் சுமார் 71,000 கிலோமீட்டர் சுற்றிவிட்டு 1928 மார்ச்சில் வீடு திரும்பினார்கள். ஆனால் அந்நியர் தயவு என்ற விஷயத்தை ஒரே ஆளின் கதையில் பார்க்க வேண்டுமென்றால் ஒடிசாவின் பிரத்யும்ன குமார் மகானந்தியாவிடம்தான் போக வேண்டும்.

தலித் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார விடாமல் ஒதுக்கப்பட்டவர். டெல்லியில் ஓவியக் கல்லூரி மாணவராக இருந்தபோது, கன்னாட் பிளேஸில் உட்கார்ந்து வருகிறவர்களை வரைந்து கொடுத்துப் பிழைத்தார். 1975 டிசம்பரில் அப்படி வரையப் போய்த்தான் ஸ்வீடனிலிருந்து வந்திருந்த ஷார்லோட்டைச் சந்தித்தார். காதலித்து, கிராமத்துக்கு அழைத்துப் போய்ப் பெரியவர்கள் ஆசியோடு மணந்தார். ஷார்லோட் ஊர் திரும்பினார். விமான டிக்கெட்டுக்குக் காசு இல்லாத மகானந்தியா கையிலிருந்ததை எல்லாம் விற்று, ஒரு பழைய சைக்கிள் வாங்கி 1977 ஜனவரியில் மேற்கே கிளம்பினார்.

ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி. ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் வரை. பை நிறைய பென்சிலும் தாளும். டீக்கடையில் உட்காருவார், எதிரே இருப்பவரை வரைவார். சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் ரொட்டி, சிலர் ராத்திரி தங்க இடம். மொழி தெரியாத இடங்களில் அந்தப் படம்தான் பேசியது. ஆப்கானியர்களுக்குக் கலை என்றால் உயிர் என்று பின்னாளில் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சொந்த ஊர்ப் பள்ளிக்கூடம் தள்ளி உட்கார வைத்த பையனை, யாரென்றே தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவர்களுக்கு அவரிடம் சாதி கேட்கத் தெரியாது.

கடைசிக் கட்டத்தை ரயிலில் கடந்து, அந்த மே மாதக் கடைசியில் ஸ்வீடனின் கோதன்பர்க் போய்ச் சேர்ந்தார். ஸ்வீடனிலேயே ஓவிய ஆசிரியரானார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று அவர் கடந்த பெரும்பாலான எல்லைகளில் இந்தியருக்கு விசா தேவைப்படவில்லை. இன்று ஓர் ஏழை ஒடிசா இளைஞர் பென்சிலை நம்பி அதே வழியில் கிளம்பினால், அந்நியர்களின் வீட்டுக் கதவு திறக்கலாம். எல்லைக் கதவு திறக்காது.

த்ருஹியோவின் நோட்டுப் புத்தகம்

வாங்குகிறவர் கதையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். கொடுக்கிறவர் பக்கம் போய்ப் பார்த்தால் கணக்கு வேறு.

பெரு நாட்டின் வடக்கே த்ருஹியோ நகரில் லூச்சோ ராமிரெஸ் என்ற சைக்கிள் பிரியர், 1985-லிருந்து தன் வீட்டைச் சைக்கிள் பயணிகளுக்குத் திறந்து வைத்தார். ‘காஸா தே சிக்லிஸ்தாஸ்’, அதாவது சைக்கிள்காரர் வீடு. வந்தவர்கள் விருந்தினர் நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த நோட்டுகள் கட்டுக் கட்டாகச் சேர்ந்தன, ஆயிரக்கணக்கான பெயர்கள். அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரை போகிறவர்களுக்கு த்ருஹியோ ஒரு கட்டாய நிறுத்தம் ஆயிற்று. இதைப் பார்த்து ஈக்வடார், கொலம்பியா, பொலிவியா என்று பல நாடுகளில் அதே பெயரில் வீடுகள் முளைத்தன.

லூச்சோ படுக்கை மட்டும் கொடுக்கவில்லை. சைக்கிளைப் பழுது பார்த்துக் கொடுப்பார், அதைவிட முக்கியமாக எச்சரிக்கை கொடுப்பார். த்ருஹியோவுக்கு வடக்கே பைஹான் என்றொரு ஊர். அந்தச் சாலையில் சைக்கிள்காரர்களை மடக்கிப் பணம், கேமரா, சில சமயம் சைக்கிளையே பறிப்பது வாடிக்கை. போலீஸ் வண்டி பின்னாலேயே காவலுக்கு வருவதும் உண்டு. அங்கே மிதிக்காதீர்கள், பஸ்ஸில் ஏறுங்கள் என்பதுதான் வருகிறவர்களுக்குச் சொல்லப்படும் புத்திமதி. உலகத்திலேயே பேர்பெற்ற சைக்கிள் விருந்தோம்பல் ஓரிடத்தில். பேர்பெற்ற சைக்கிள் கொள்ளை அங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில்.

யார் வந்தாலும் தினம் ஒரு பாய் விரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தண்ணீர் வரி, கழிப்பறை, அதிகாலையில் எழுந்து சமைக்கும் மனைவி அல்லது அம்மாவின் உழைப்பு. பயணக் கட்டுரைகளில் இந்தப் பெண்களின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். “ஒரு கிராமத்துக் குடும்பம் விருந்து வைத்தது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குள் ஒரு அம்மா நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

விருந்தோம்பலை ஒழுங்குபடுத்தும் முயற்சிகளும் நடந்தன. 1993-இல் ‘வார்ம்ஷவர்ஸ்’ என்ற ஏற்பாடு தொடங்கியது. சைக்கிள்காரருக்குச் சைக்கிள்காரர் வெந்நீரும் படுக்கையும் தருவது, நாளை அவர் உங்கள் ஊருக்கு வந்தால் நீங்கள் தருவது. ஒரு பெயர்ப் பட்டியலாகப் பிறந்து உலகம் முழுக்கப் பரவியது. பின்னாளில் உறுப்பினர் கட்டணம் என்று வந்தபோது, இலவசமாகப் படுக்கை கொடுப்பவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது நியாயம்தான்.

ஊருக்கு என்ன லாபம்?

கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ட்வின் பிரிட்ஜஸ் என்றொரு ஊர். மக்கள்தொகை சில நூறு. கோடையில் அந்த வழியாகப் போகிற சைக்கிள்காரர்கள் மழையிலும் குளிரிலும் வெட்டவெளியில் படுத்துக் கிடப்பதைப் பார்த்த ஊர்க்காரர் ஒருவர், ஆற்றோரம் ஒரு கொட்டகை கட்டலாம் என்று யோசனை சொன்னார். குளியலறை, கழிப்பறை, கொசுவலை அடித்த ஜன்னல். கட்டணம் இல்லை, விருப்பப்பட்டால் உண்டியலில் போடலாம். போட்டார்கள். முன்பெல்லாம் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பியவர்களும் இப்போது ஒரு ராத்திரி தங்கினார்கள். தங்கியவர்கள் ஊர் ஓட்டலில் சாப்பிட்டார்கள், கடையில் மளிகை வாங்கினார்கள்.

மான்டானா பல்கலைக்கழகம் 2013-இல் ஆராய்ந்து பார்த்தபோது, பல நாள் பயணம் வரும் சைக்கிள்காரர் அந்த மாநிலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 75 டாலர் செலவழிப்பது தெரிந்தது. மெதுவாகப் போகிறவர் அதிக நாள் தங்குகிறார், நிறையச் சாப்பிடுகிறார், மூட்டையில் இடமில்லாததால் எல்லாவற்றையும் அன்றன்றைக்கு வாங்குகிறார். ‘அட்வென்ச்சர் சைக்ளிங்’ என்று பெயர் மாறிவிட்ட அதே பைக்சென்டெனியல் அமைப்பு, 2003-லிருந்து ஜூன் கரியின் பெயரிலேயே விருது கொடுக்கிறது. சைக்கிள்காரர்களுக்கு உதவுகிறவர்களுக்கான விருது. கென்டக்கி மாநிலத்தின் செப்ரீ என்ற சிற்றூரில் வருகிற சைக்கிள்காரர்களுக்கெல்லாம் தன் கட்டடத்தில் படுக்க இடம் கொடுத்துவந்த ஒரு பாப்டிஸ்ட் தேவாலயமும் அந்த பைக்சென்டெனியல் பாதையில்தான் இருக்கிறது.

இரவும் துப்பாக்கியும்

ஐரிஷ் எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபி, 1963 ஜனவரியில் ஐரோப்பாவின் கொடும் குளிரில், ‘ராஸ்’ என்று பெயரிட்ட சைக்கிளில் இந்தியாவுக்குக் கிளம்பினார். தனியாக. பையில் ஒரு கைத்துப்பாக்கி. பயன்படவும் செய்தது. யூகோஸ்லாவியாவில் பாய்ந்த ஓநாய்களைச் சுட்டார். துருக்கியில் ராத்திரி அறைக்குள் வந்து நின்றவனைக் கூரையைப் பார்த்துச் சுட்டு விரட்டினார். எல்லோரும் பயமுறுத்தி அனுப்பிய ஆப்கானிஸ்தானில் அவர் மனதைப் பறிகொடுத்தார். அங்கே அவருக்கு விலா எலும்பு உடைந்ததும் உண்மை. சைக்கிளில் போனபோது அல்ல. பஸ்ஸில் ஏறியபோது, சண்டையில் யாரோ வீசிய துப்பாக்கிக் கட்டை பட்டு! வழி நெடுக மற்றவர் வீட்டில் உண்டு உறங்கி டெல்லி வந்து சேர்ந்தவர், நேரே வீடு திரும்பாமல் தரம்சாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 2018 ஜூலை 29 அன்று தஜிகிஸ்தானில் டங்காரா அருகே, சாலையில் போய்க்கொண்டிருந்த சைக்கிள் பயணிகள் மேல் ஒரு கார் வேண்டுமென்றே ஏறியது. இறங்கி வந்தவர்கள் கத்தியால் குத்தினார்கள். அமெரிக்கா, நெதர்லாந்து, ஸ்விட்சர்லாந்து நாடுகளைச் சேர்ந்த நால்வர் இறந்தார்கள். ஐ.எஸ். அமைப்பு பொறுப்பேற்றது. இறந்தவர்களில் ஒரு ஜோடி, வழியில் கண்ட மனிதர்களின் நல்ல குணத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தவர்கள். அவர்களை ஏமாளிகள் என்று இணையத்தில் கிண்டல் செய்தவர்கள் ஏராளம். வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடி.

நம் நாட்டிலும் நடந்தது. 2024 மார்ச் 1 இரவு, ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதியை ஒரு கும்பல் தாக்கியது. அந்தப் பெண் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவர்கள் வந்தது மோட்டார் சைக்கிளில். ஆனால் இரவில் வெட்டவெளியில் படுக்கும் எல்லாப் பயணிகளுக்கும் அதே இருட்டுதான். சில நாளில் அவர்கள் பயணத்தைத் தொடர்ந்தபோது, இந்திய மக்கள் நல்லவர்கள், குற்றவாளிகளைத்தான் குறை சொல்கிறோம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனார். அது அவருடைய பெருந்தன்மை. அதை நமக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது.

---
உங்கள் ஊர் வழியே வந்தால்

மூட்டை கட்டிய சைக்கிளைப் பார்த்ததும் நாம் செய்வது செல்ஃபி. அதற்கு முன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம். சாயங்காலம் அவருக்குத் தேவைப்படுவது மூன்றுதான்: கூரையுள்ள இடம், கழிப்பறை, செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக். அடுத்த ஊரில் சைக்கிள் கடை எங்கே, எந்தப் பாதையில் லாரி அதிகம் என்ற தகவல் விருந்தைவிடப் பெரிய உதவி. பெண்ணாக இருந்தால், வீட்டுப் பெண்கள் முன்னால் வந்து பேசினால்தான் அவருக்கு நிம்மதி. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். பின்னாலேயே பைக்கில் போய் உபசரிப்பது உபசாரம் இல்லை.

---

கேரியரில் அப்பா

இதுவரை சொன்ன எல்லோரும் ஆசைப்பட்டுக் கிளம்பியவர்கள். இந்தியா கண்ட மிகப் பெரிய நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் யாரும் ஆசைப்பட்டுக் கிளம்பவில்லை. 2020-ஆம் வருட ஊரடங்கு. ரயில் இல்லை, பஸ் இல்லை, வேலையும் இல்லை. கையிலிருந்த கடைசிக் காசில் பழைய சைக்கிள் வாங்கிக்கொண்டு பஞ்சாபிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மிதித்தார்கள்.

பதினைந்து வயது ஜோதி குமாரி, விபத்தில் அடிபட்டு நடக்க முடியாமல் இருந்த அப்பாவைக் கேரியரில் உட்கார வைத்து, குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்கு 1,200 கிலோமீட்டர் போனது அந்த மே மாதத்தில்தான். ஏறத்தாழ ஒரு வாரம். இரவில் பெட்ரோல் பங்க்குகளில் ஒதுங்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த சாப்பாடும் தண்ணீரும்தான் வழியெல்லாம். வீடு சேர்ந்த பிறகு உலகம் கைதட்டியது. சைக்கிள் சம்மேளனம் தேர்வுக்குக் கூப்பிட்டது. அடுத்த ஆண்டு மத்திய அரசின் பால புரஸ்கார் விருது கிடைத்தது. 2021 மே கடைசியில் அப்பா மாரடைப்பில் இறந்தார்.

அதே மே மாதத்தில், லக்னோவிலிருந்து சத்தீஸ்கருக்கு இரண்டு குழந்தைகளோடு சைக்கிளில் கிளம்பிய ஒரு கூலித் தொழிலாளத் தம்பதி, ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே ஏதோ ஒரு வாகனம் மோதி இறந்தார்கள். குழந்தைகள் பிழைத்தார்கள். அவர்களை வைத்து யாரும் பயணக் கட்டுரை எழுதவில்லை.

வழியில் சோறு போட்டவர்கள் இருந்தார்கள், அது பொய்யில்லை. டிராக்டரில் ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்து நெடுஞ்சாலையில் நிறுத்திய கிராமங்கள் உண்டு. பயந்துபோய் ஊர் எல்லையை மூங்கில் கட்டி அடைத்த கிராமங்களும் உண்டு. வெள்ளைக்காரர் மூட்டை கட்டிய சைக்கிளில் வந்தால் அவர் பயணி. நம்மூர்க் கூலிக்காரர் அதே மாதிரி சைக்கிளில் வந்தால் அவரைப் பார்த்து “எங்கே வந்தே?” என்று கேட்கிற குரலே வேறு. சைக்கிள் யாரையும் பயமுறுத்தாது என்பது, அதன் மேல் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதையும் பொறுத்தது.

உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில், வந்துகொண்டிருந்த தொழிலாளர்களை அதிகாரிகள் நிறுத்தித் தனிமை முகாமில் தங்க வைத்தார்கள். பிறகு பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் சைக்கிளுக்கு இடமில்லை. டோக்கன் கொடுத்தார்கள், அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பலர் வந்து எடுத்துப் போனார்கள். பீகார்க் கோடியிலிருந்து சஹாரன்பூர் வந்து போகும் ரயில் செலவுக்குப் பழைய சைக்கிளின் விலையே ஈடாகாது என்று கணக்குப் பார்த்தவர்கள் வரவில்லை. இரண்டு வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்து, புல் முளைத்து, துருவேறிய சுமார் 5,400 சைக்கிள்களை நிர்வாகம் 2022-இல் மொத்தமாக ஏலம் விட்டது. கிடைத்தது 21 லட்சம் ரூபாய். ஒரு சைக்கிள் நானூறு ரூபாய்க்கும் குறைவு.